புட் வெற்றி என்கிறது, மெசேஜ் மட்டும் போய்ச் சேரவில்லை: ஐபிஎம் எம்க்யூ அனுபவங்கள்

கேள்வி, 3 பிப்ரவரி 2025

எங்கள் அப்ளிகேஷன் பேமென்ட் மெசேஜ்களை ஐபிஎம் எம்க்யூ (மெசேஜ்களை க்யூவில் வைத்து இன்னொரு புரோகிராமிடம் சேர்க்கும் மென்பொருள்) வழியாக இன்னொரு டேட்டா சென்டருக்கு அனுப்புகிறது. போன வாரம் சில மெசேஜ்கள் போய்ச் சேரவில்லை. எங்கள் லாக்கில் எல்லா புட்டும் (மெசேஜைப் போடும் அழைப்பு) வெற்றி, ரீசன் கோட் 0. அந்தப் பக்கத்துக் குழு "எங்களுக்கு வரவே இல்லை" என்கிறது. எம்க்யூ மெசேஜைத் தொலைக்காது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் எங்கே போயின? மேனேஜர் காஃப்கா என்ற வேறு மெசேஜ் மென்பொருளுக்கு மாறிவிடலாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 3 பிப்ரவரி, இரவு

முதலில் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். பெர்சிஸ்டென்ட் இல்லாத (டிஸ்க்கில் எழுதிக் காக்கப்படாத) மெசேஜ்கள், க்யூக்களை நடத்தும் க்யூ மேனேஜர் நின்று எழும்போது அழிந்துவிடும். தேட வேண்டிய தடயத்தை நீங்களே அழித்தது போல் ஆகும்.

அனுப்பும் பக்கத்தில், வெளியே போக மெசேஜ்கள் காத்திருக்கும் டிரான்ஸ்மிஷன் க்யூவின் டெப்த் (நிற்கும் மெசேஜ்களின் எண்ணிக்கை) பாருங்கள். அப்புறம் இரண்டு க்யூ மேனேஜர்களை இணைக்கும் சேனல் ஓடுகிறதா, ரீட்ரையில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு பக்கத்து டெட் லெட்டர் க்யூவும் (சேர முடியாத மெசேஜ்களை ஒதுக்கும் க்யூ). புட் சிங்க்பாயிண்டுக்குள் (கமிட் செய்தால்தான் செல்லும் வகையில்) நடந்ததா, கமிட் நடந்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கமிட் ஆகாத புட்டும் டெப்த் கணக்கில் சேரும். அதனால்தான் டெப்த் 1 என்று காட்டும், எடுக்கப் போனால் 2033, மெசேஜ் எதுவும் இல்லை என்று சொல்லும். புதிதாக வருபவர்கள் இதை எம்க்யூவின் கோளாறு என்று டிக்கெட் போடுவார்கள். க்யூ ஸ்டேட்டஸில் கமிட் ஆகாதது இருக்கிறதா என்று ஒரு வரி தனியாகவே இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும்.

4 பிப்ரவரி

நேற்று அவசரமாக எழுதியதைக் கொஞ்சம் விரிக்கிறேன். நான் பல வருடங்களாக மிடில்வேர் (புரோகிராம்களை இணைக்கும் மென்பொருள்) சப்போர்ட்டில், பெரும்பாலும் இரவு ஷிப்டில், வெளிநாட்டு வங்கிகளுக்காகச் சென்னையிலிருந்து வேலை பார்க்கிறவன். "மெசேஜ் காணோம்" என்று வந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் மெசேஜ் எங்கேயோ கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. மிச்சத்தில், மெசேஜைத் தூக்கிப் போடலாம் என்று யாரோ எப்போதோ ஒரு செட்டிங்கில் அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் அந்த அனுமதி பெரும்பாலும் டிஃபால்ட்டாகவே வருகிறது.

மெசேஜ் போகும் பாதையைச் சொல்கிறேன். உங்கள் புரோகிராம் ரிமோட் க்யூ என்ற பெயருக்குப் போடுகிறது. அது உண்மையில் ஒரு க்யூவே இல்லை, முகவரி மட்டும்தான். மெசேஜ் விழும் இடம் டிரான்ஸ்மிஷன் க்யூ. ரீசன் கோட் 0 என்றால் இதுவரை வந்துவிட்டது என்று பொருள், மறுகரை சேர்ந்தது என்று பொருள் கிடையாது. அங்கிருந்து சேனல் எடுத்துக்கொண்டு போகும், டிஃபால்ட்டாக ஒரு பேட்ச்சுக்கு 50 மெசேஜ் வரை. மறுபக்கத்து சேனல் அதைச் சேர வேண்டிய க்யூவில் போடப் பார்க்கும். அந்த க்யூ நிறைந்திருந்தால் 2053. ஒரு விநாடி இடைவெளியில் பத்து முறை முயன்று பார்க்கும், இதுவும் டிஃபால்ட். அதற்கும் இடம் கிடைக்காவிட்டால் டெட் லெட்டர் க்யூ.

இந்த இடத்தில்தான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. க்யூ மேனேஜரை உருவாக்கும்போது டெட் லெட்டர் க்யூ ஒன்று தானாகவே உருவாகிவிடும். ஆனால் "உன் டெட் லெட்டர் க்யூ இதுதான்" என்று க்யூ மேனேஜருக்கு நாம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். அப்படிக் காலியாக இருக்கும்போது பெர்சிஸ்டென்ட் மெசேஜ் வந்து போட முடியாமல் போனால் சேனல் நின்றுவிடும். சத்தம் போடும், யாராவது பார்ப்பார்கள். பெர்சிஸ்டென்ட் இல்லாத மெசேஜ் வந்தால்? சேனலில் அந்த வகை மெசேஜுக்கான வேகம் டிஃபால்ட்டாக ஃபாஸ்ட். அதன் பொருள், போட முடியாவிட்டால் மெசேஜை விட்டுவிட்டு சேனல் அடுத்த வேலைக்குப் போகும். அனுப்பிய புரோகிராமுக்கு ஒரு வார்த்தைகூட வராது.

உங்கள் மெசேஜ் பெர்சிஸ்டென்ட்தானா? இதைச் சொல்லாமல் மேற்கொண்டு பேச முடியாது.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

பெர்சிஸ்டென்ஸ் பற்றி இன்னொன்று. ஜேஎம்எஸ் (ஜாவாவின் பொதுவான மெசேஜ் இன்டர்ஃபேஸ்) வழியாக எழுதிய ஜாவா புரோகிராம் எதுவும் சொல்லாவிட்டால் பெர்சிஸ்டென்ட் என்றே அனுப்பும். சி, கோபால் போன்றவற்றில் எம்க்யூஐ (எம்க்யூவின் சொந்த இன்டர்ஃபேஸ்) நேரடியாக எழுதியவர்கள் எதுவும் சொல்லாவிட்டால், "க்யூ என்ன சொல்கிறதோ அப்படி" என்று போகும். க்யூவின் டிஃபால்ட் பெர்சிஸ்டென்ட் இல்லை என்பதுதான். ஒரே க்யூவுக்கு இரண்டு புரோகிராம்கள் அனுப்பி, சர்வர் விழுந்து எழுந்தபின் ஒன்றின் மெசேஜ் இருந்து மற்றொன்றின் மெசேஜ் மாயமாவது இப்படித்தான்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரிமோட் க்யூவுக்கு அனுப்பும்போது மறுபக்கத்து க்யூவில் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டே அல்ல. பெயரைத் தேடும் பாதையில் முதலில் வரும் டெஃபினிஷன், அதாவது அனுப்பும் பக்கத்தில் இருக்கும் ரிமோட் க்யூ டெஃபினிஷன் என்ன சொல்கிறதோ அதுதான் செல்லும். மறுபக்கத்துக் குழு "எங்கள் க்யூ பெர்சிஸ்டென்ட்தான்" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அது உண்மையாகவே இருக்கலாம், உங்களுக்குப் பயன்படாது.

6 பிப்ரவரி

"இன்னும் யார் எம்க்யூ பயன்படுத்துகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1993இல் எம்க்யூசீரிஸ் என்று வந்தது, 2002இல் வெப்ஸ்பியர் எம்க்யூ ஆனது, 2014இல் எட்டாம் பதிப்போடு ஐபிஎம் எம்க்யூ. இங்கிலாந்தில் ஹர்ஸ்லி லேபில் வளர்ந்தது, ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் மென்பொருளான சிஐசிஎஸ் வளர்ந்த அதே இடம். வங்கியில் பழைய ஆட்கள் இன்றும் "சீரிஸ்" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் ஏடிஎம்மில் பணம் எடுத்தாலோ விமான டிக்கெட் போட்டாலோ நடுவில் எங்கேனும் எம்க்யூவின் வழக்கமான 1414 என்ற போர்ட்டில் ஒரு லிசனர் காத்துக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

9 பிப்ரவரி

டெட் லெட்டர் க்யூ பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் இரவைச் சொல்லியாக வேண்டும். வங்கியின் பெயர் வேண்டாம். மாதக் கடைசி, ஐரோப்பாவில் வேலை நேரம் முடியும் தறுவாய். பக்கத்து சீட் பையன் "அண்ணா, எல்லா இன்டர்ஃபேஸும் மெதுவாகிடுச்சு" என்றான். எல்லாம் என்றால் எல்லாமும். ஸ்டேட்மென்ட், கார்டு, கணக்குத் திறப்பு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. நெட்வொர்க் குழுவை அழைத்தார்கள், அவர்கள் தங்கள் பக்கம் சுத்தம் என்றார்கள். ஸ்டோரேஜ் குழுவும் அப்படியே.

ஒரே சேனலில்தான் அத்தனை இன்டர்ஃபேஸும் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் க்யூ மட்டும் 5000 என்ற எல்லையைத் தொட்டு நிறைந்திருந்தது. அந்த க்யூவுக்கான மெசேஜ் வரும் ஒவ்வொரு தடவையும் சேனல் விநாடிக்கொரு முறை பத்துத் தடவை முயன்று பார்த்துவிட்டு, பிறகே டெட் லெட்டருக்குத் தள்ளியது. அந்தப் பத்து விநாடியும் பின்னால் நின்ற எல்லா மெசேஜும் காத்திருந்தன. ஒற்றையடிப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டி அச்சு முறிந்து நின்றால் பின்னால் வருகிறவன் எந்த ஊருக்குப் போகிறவனாக இருந்தால் என்ன?

அழைப்பில் இருந்த மேலதிகாரிகள் உடனே கேட்டது, "டெப்த் எல்லையை 50000 ஆக்க முடியுமா?" முடியும், ஒரு கமாண்ட்தான். நான் முதலில் அந்த க்யூவை எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். எடுக்கும் புரோகிராம் இணைந்தே இருந்தது, ஆனால் கடைசியாக எடுத்த நேரம் வெகு முன்னால். டேட்டாபேஸில் வேறொரு செஷன் போட்ட பூட்டில் (லாக்) மாட்டி நின்றிருந்தது. டேட்டாபேஸ் நிர்வாகி அந்த செஷனை விடுவித்ததும் டெப்த் கடகடவென்று இறங்கியது. சேனலும் சரியானது.

அத்தோடு முடியவில்லை. டெட் லெட்டரில் கிடந்தவற்றைத் திரும்ப க்யூவில் போடலாமா? பத்து மணிக்கான முகவரி மாற்றம் டெட் லெட்டரில் கிடக்கிறது, பதினொரு மணிக்கு வந்த இன்னொரு மாற்றம் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது பழையதைப் போட்டால் வாடிக்கையாளருக்குப் பழைய முகவரி. டெட் லெட்டர் ஹேண்ட்லரை (அங்கே கிடப்பதைத் தானாகக் கையாளும் கருவி) வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வரிசை முக்கியமான மெசேஜுக்கு டெட் லெட்டர் க்யூ தீர்வே இல்லை, சேனல் நின்றால் நிற்கட்டும் என்று விடுவதே மேல். அந்த முடிவு அப்ளிகேஷன் ஆட்கள் எடுக்க வேண்டியது. எந்த மெசேஜுக்கு வரிசை முக்கியம் என்று மிடில்வேர்க்காரனுக்குத் தெரியாது.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்தால் டெப்த்தைக் கூட்டுவதே தவறு என்பது போல் இருக்கிறது. அப்படியில்லை. டிரான்ஸ்மிஷன் க்யூவுக்கு 5000 என்ற டிஃபால்ட் மிகவும் குறைவு. நெட்வொர்க் இரண்டு மணி நேரம் விழுந்தாலும் தாங்கத்தானே அந்த க்யூ இருக்கிறது? அங்கே தாராளமாகக் கூட்டுங்கள், கூடவே டிஸ்க்கைக் கணக்குப் போடுங்கள். 10 கிலோபைட் மெசேஜ் பத்து லட்சம் நின்றால் சுமார் 10 ஜிபி. எடுக்கும் புரோகிராம் நின்று போனதால் நிறையும் லோக்கல் க்யூவில் கூட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். பிரச்சினை அதே அளவில் இருக்கும், தெரிய வரும் நேரம் மட்டும் தள்ளிப் போகும்.

அலாரத்தையும் டெப்த்தை மட்டும் நம்பி வைக்காதீர்கள். மிகப் பழைய மெசேஜின் வயதைப் பாருங்கள். இரண்டே மெசேஜ் இருக்கும் க்யூவில் அவை நாற்பது நிமிடமாக நிற்கின்றன என்றால் அது அவசரம். வயது காட்ட க்யூ மானிட்டரிங்கை ஆன் செய்ய வேண்டும், டிஃபால்ட்டாக ஆஃப்.

13 பிப்ரவரி

உரிமை இல்லை என்று சொல்லும் 2035 கோட் பற்றிக் கேட்டவருக்கு. 2011இல் எம்க்யூ 7.1 வந்தபோது சேனல் ஆதென்டிகேஷன் ரூல்கள் (சேனல் வழியாக யார் உள்ளே வரலாம் என்ற விதிகள்) வந்தன. புதிதாக உருவாக்கும் க்யூ மேனேஜரில், அட்மின் உரிமை உள்ள யூசர் கிளையன்ட் சேனல் வழியாக உள்ளே வருவது தடுக்கப்பட்டது. அப்படிப் புதிதாக உருவாக்கிய ஊரெல்லாம் 2035. இணையத்தில் கிடைக்கும் பாதிப் பதில்கள் "அந்த ரூல்களையே டிஸேபிள் செய்" என்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்கு முன்பெல்லாம் சேனல் பெயரும் போர்ட்டும் தெரிந்த எவரும், தான் எம்க்யூஎம் (எம்க்யூவின் அட்மின்) யூசர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிடக்கூடிய நிலையில் எத்தனையோ க்யூ மேனேஜர்கள் கிடந்தன. பணம் போகும் பாதை அது.

கிளையன்ட்டுக்கு வெறும் 2035தான் வரும், காரணம் வராது. அது வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது. வெளியே நிற்பவனுக்கு ஏன் கதவு திறக்கவில்லை என்று சொல்லக் கூடாது அல்லவா? காரணம் க்யூ மேனேஜரின் எரர் லாக்கில் முழு வாக்கியமாகவே இருக்கும். எந்த யூசர், எந்த ஐபி, எந்த சேனல், எல்லாமும். அதைப் படித்துவிட்டு அந்த ஒரு அப்ளிகேஷனுக்கு ஒரு ரூல் எழுதினால் ஐந்து நிமிட வேலை.

14 பிப்ரவரி

2024 என்ற கோட் வந்தவர் பதற வேண்டாம். ஒரே கமிட்டுக்குள் 10000 மெசேஜுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். எல்லையைக் கூட்டாதீர்கள், சில நூறுக்கு ஒரு முறை கமிட் செய்யுங்கள். நீண்ட டிரான்ஸாக்‌ஷன் எம்க்யூவின் பதிவு லாக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால், இடம் பற்றாமல் எம்க்யூவே அதை ரோல்பேக் செய்துவிடும், அதாவது நடக்காததாக்கிவிடும்.

18 பிப்ரவரி

ஒரே ஒரு மெசேஜ் ஒரு சர்வரின் சிபியூவை முழுசாக விழுங்கிய கதை. புரோகிராம் மெசேஜை எடுக்கிறது, எக்ஸ்எம்எல் பார்ஸ் ஆகவில்லை, ரோல்பேக். மெசேஜ் மறுபடி க்யூவின் தலைக்கு வருகிறது. மறுபடி எடுக்கிறது. இப்படியே சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு மெசேஜிலும் எத்தனை முறை ரோல்பேக் ஆனது என்று எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் எம்க்யூ அதைப் பார்த்துத் தானாக எதுவும் செய்யாது. ஜேஎம்எஸ் கிளாஸ்கள் க்யூவில் உள்ள பேக்அவுட் எல்லையை (எத்தனை ரோல்பேக் வரை பொறுப்பது) பார்த்து மெசேஜை ஒதுக்கி வைக்கும். அந்த எல்லையின் டிஃபால்ட் 0, அதாவது ஒதுக்கவே வேண்டாம். எம்க்யூஐயில் எழுதிய புரோகிராமாக இருந்தால் எண்ணிக்கையைப் பார்ப்பது நீங்களே எழுத வேண்டிய கோட்.

அந்த மெசேஜில் என்னதான் இருந்தது? மெயின்ஃப்ரேமிலிருந்து வந்த எக்ஸ்எம்எல், உள்ளே சதுர அடைப்புக்குறிகளோடு ஒரு சிடேட்டா பகுதி (எழுத்துகளை அப்படியே வைக்கும் இடம்). மெயின்ஃப்ரேமின் எழுத்து முறையான எப்சிடிக்கில் ஒன்றல்ல, பல கோட் பேஜ்கள் (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணைகள்). 037இல் ஆச்சரியக்குறியாக இருக்கும் பைட், 500இல் மூடும் சதுர அடைப்பு. அனுப்பியவர்கள் 037இல் எழுதிவிட்டு, மெசேஜ் டிஸ்கிரிப்டரில் (மெசேஜோடு போகும் தலைப்பு விவரம்) 500 என்று போட்டிருந்தார்கள். எழுத்தும் எண்ணும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அதனால் சாதாரண மெசேஜ்களில் பிழை வெளியே தெரியவே இல்லை. அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து வந்த நாளில் வெடித்தது. எம்க்யூ தனக்குச் சொல்லப்பட்டபடி ஒழுங்காக மாற்றிக் கொடுத்தது. டிஸ்கிரிப்டரில் உள்ள எண்ணை யாரோ பழைய காப்பிபுக்கிலிருந்து (பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் கோட் துண்டு) எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

டெஸ்ட் டேட்டாவில் எப்போதும் சதுர அடைப்பு, யூரோ குறி, மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து ஆகியவற்றை வையுங்கள். வெறும் "டெஸ்ட் 123" அனுப்பிப் பார்த்துவிட்டு கன்வர்ஷன் சரி என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

22 பிப்ரவரி

காஃப்காவுக்கு மாறுவது பற்றி இப்போது. லிங்க்ட்இன்னில் உருவாகி 2011இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அருமையான கருவி. அதில் படித்தால் மெசேஜ் போகாது, டிஃபால்ட்டாக 168 மணி நேரம் அங்கேயே இருக்கும், எத்தனை பேர் வேண்டுமானாலும் முதலிலிருந்து படிக்கலாம். "இது நடந்தது" என்று பலருக்கும் அறிவிக்க அதைவிடப் பொருத்தமானது குறைவு. "இந்தப் பணத்தை ஒரு முறை அனுப்பு" என்ற கட்டளையை டேட்டாபேஸ் அப்டேட்டோடு ஒரே டிரான்ஸாக்‌ஷனில் கட்ட வேண்டும் என்றால் நான் எம்க்யூ பக்கம்தான் நிற்பேன்.

ராபிட்எம்க்யூ என்ற இன்னொரு மென்பொருளிலும் எந்த க்யூவுக்கும் பொருந்தாத மெசேஜ் சத்தமில்லாமல் கீழே விழும், மேண்டேட்டரி ஃப்ளாக் (சேராவிட்டால் திருப்பி அனுப்பு என்ற குறி) வைத்தாலோ மாற்று எக்ஸ்சேஞ்ச் (மாற்று வழி) கொடுத்தாலோ ஒழிய. பப்ளிஷர் கன்ஃபர்ம் (சர்வர் தரும் ஒப்புகை) இல்லாமல் அனுப்பினால் சர்வர் வாங்கியதா என்றே தெரியாது. அமேசானின் க்யூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் மெசேஜை டிஃபால்ட்டாக 4 நாள்தான் வைத்திருக்கும். பொங்கல் விடுமுறைக்கு முன்தினம் மாலை எடுக்கும் புரோகிராம் விழுந்தால் விடுமுறை நீண்டால் திரும்பி வரும்போது பழைய மெசேஜ்கள் போயிருக்கும்.

எந்த மென்பொருளுக்குப் போனாலும் மெசேஜைத் தூக்கிப் போட அனுமதிக்கும் இடங்கள் இருக்கும், பெயர்தான் மாறும். உங்கள் குழுவுக்கு எம்க்யூவில் அந்த இடங்கள் தெரியவில்லை என்றால் புதியதில் தெரியப் போவதில்லை. மாற வேண்டாம் என்று சொல்லவில்லை. காணாமல் போன அந்த மெசேஜ்களுக்கு விடை கண்டுபிடித்துவிட்டு மாறுங்கள்.

25 பிப்ரவரி

டிஆர் டிரில்லுக்கு (பேரிடர் ஒத்திகை) பிறகு சேனலின் சீக்வென்ஸ் நம்பர் எரர் (இரு பக்கத்து வரிசை எண்ணும் பொருந்தாதது) வந்தவருக்கு: ரீசெட் கமாண்டை உடனே அடிக்காதீர்கள். சேனல் இன்டவுட்டில் (கடைசி பேட்ச் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய பக்கத்துக்குத் தெரியாத நிலை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அனுப்பும் பக்கத்தின் நடப்பு பேட்ச் அடையாள எண்ணையும் வாங்கும் பக்கத்தில் கடைசியாக கமிட் ஆன எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் மறுபக்கம் வாங்கிவிட்டது, ரிசால்வ் கமாண்டில் கமிட் கொடுங்கள். வேறு என்றால் பேக்அவுட். மாற்றிக் கொடுத்தால் ஒரு பேட்ச் பேமென்ட் இரண்டு முறை போகும், அல்லது போகவே போகாது. அதற்குப் பிறகுதான் ரீசெட்.

1 மார்ச்

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் விவரம் அனுப்பியிருக்கிறார், பொதுவில் எழுதச் சம்மதித்தார். மெசேஜ் பெர்சிஸ்டென்ட்தான். டெட் லெட்டரில் எதுவும் இல்லை. டிரான்ஸ்மிஷன் க்யூ காலி. சேனல் அந்த நேரத்தில் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக விழுந்து எழுந்திருக்கிறது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எக்ஸ்பைரி (மெசேஜ் காலாவதியாகும் நேரம்) என்ன என்று கேட்டேன். 300. ஐந்து நிமிடம் என்று நினைத்து டெவலப்பர் வைத்திருக்கிறார். எம்க்யூ மெசேஜ் டிஸ்கிரிப்டரில் எக்ஸ்பைரியின் அலகு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 300 என்றால் 30 விநாடி. சேனல் விழுந்திருந்த நேரத்தில் டிரான்ஸ்மிஷன் க்யூவில் நின்ற மெசேஜ்கள் காலாவதியாகிவிட்டன. பெர்சிஸ்டென்ட் என்பதெல்லாம் எக்ஸ்பைரிக்கு முன் நிற்காது. காலாவதியானது டெட் லெட்டருக்கும் போகாது. எக்ஸ்பைரி ரிப்போர்ட் கேட்டு அனுப்பியிருந்தால் மட்டும் அனுப்பியவருக்குத் தகவல் வந்திருக்கும்.

ஆகவே முதல் நாள் நான் கொடுத்த பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்பைரி எவ்வளவு, என்ன அலகில். ஜேஎம்எஸ்ஸில் மில்லி விநாடி, எம்க்யூஐயில் பத்தில் ஒரு பங்கு விநாடி. ஜாவாவிலிருந்து சிக்கு மாற்றி எழுதியவர்கள் இன்றே ஒரு முறை தேடிப் பாருங்கள்.

பேமென்ட் மெசேஜுக்கு எக்ஸ்பைரியே வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பேலன்ஸ் விசாரணைக்கு வேண்டும், வாடிக்கையாளர் போன பிறகு பதில் எதற்கு? பணம் நகரும் மெசேஜுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தாமதமானால் வாங்கும் அப்ளிகேஷன் நேரத்தைப் பார்த்து மறுக்கட்டும், மறுத்தேன் என்று பதில் எழுதட்டும்.

3 மார்ச்

"இதையெல்லாம் எங்கே பழகுவது, ஆபீஸில் யாரும் தொட விட மாட்டேன் என்கிறார்கள்" என்று ஒருவர் கேட்கிறார். டெவலப்பர்களுக்கான எம்க்யூ அட்வான்ஸ்ட் பதிப்பு இலவசம், கன்டெய்னர் இமேஜாகவும் கிடைக்கும். லேப்டாப்பில் இரண்டு க்யூ மேனேஜர் உருவாக்கி நடுவில் சேனல் போடுங்கள். கூடவே வரும் புட், கெட் சாம்பிள் புரோகிராம்கள் போதும். சேர வேண்டிய க்யூவின் எல்லையை 5 ஆக்கிவிட்டு ஆறாவது மெசேஜை அனுப்புங்கள், பெர்சிஸ்டென்ட்டாக ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை, டெட் லெட்டர் அமைத்து ஒரு முறை, அமைக்காமல் ஒரு முறை. சேனலை நிறுத்திவிட்டு எக்ஸ்பைரி வைத்த மெசேஜ் ஒன்று அனுப்புங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்து எரர் லாக்கையும் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் லாக்கில் வந்த வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், ஐபியையும் பெயரையும் மட்டும் மறைத்துவிட்டு.